ஸ்பெக்ட்ரமுக்கு நிரல் எழுத எதைக் கையில் எடுப்பது?

போன மாதம் அலுவலகத்துத் தம்பி ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். அப்பாவின் பழைய சாமான்களோடு பரணில் கிடந்த ஒரு கருப்புப் பெட்டி. தூசியைத் துடைத்ததும் ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’ என்ற பெயர் தெரிந்திருக்கிறது. கூடவே ஒரு செய்தி: “அண்ணா, இது இன்னும் ஓடுது. இதுக்கு நானே ஒரு சின்ன கேம் எழுதிப் பார்க்கணும். எதுல எழுதறது?”

பிரிட்டனில் சின்க்ளேர் ரிசர்ச் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் குடும்பம்தான் அது. இந்தியாவில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் வாங்கி 1986-இல் கொண்டுவந்தது. தம்பி என்னிடம் வருவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிட்டார். பத்துப் பதினைந்து கருவிகளின் பெயர் கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ‘இதைவிட்டால் வேறில்லை’ என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். குழம்பாமல் என்ன செய்வார்? அவருக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி. எதில் எழுதினால் நிரல் வேகமாக ஓடும் என்று. நான் முதலில் பார்ப்பது வேறு. ஒரு தப்புப் பண்ணி, அது தப்பு என்று தெரிந்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது? இதைச் ‘சுற்று’ என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஐம்பது தப்பாவது வரும். சுற்றுக்குப் பத்து விநாடி என்றால் பத்து நிமிஷத்துக்குள் முடிந்த கதை. ஐந்து நிமிஷம் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் காத்துக்கிடந்தே போகும். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும்.

பெட்டிக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இசட்80ஏ செயலி, 3.5 மெகாஹெர்ட்ஸ். 16 கிலோபைட் ரோம், அதற்குள் பேசிக் மொழி. 48 கிலோபைட் ராம். அந்த ராமில் 6912 பைட் திரைக்குப் போய்விடும்: புள்ளிகளுக்கு 6144, நிறங்களுக்கு 768. இயந்திரத்தின் சொந்தச் செலவும் போக நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 41 கிலோபைட். ஒரு நிரலை இன்னொரு நிரலிடமிருந்து காப்பாற்றும் ஏற்பாடு எதுவும் கிடையாது. தடம் புரண்டால் மொத்தமும் போச்சு.

கருவிகளை ஒப்பிட ஒரே வேலையை எல்லாவற்றிடமும் கொடுத்துப் பார்ப்போம். திரை முழுவதையும் மஞ்சளாக்க வேண்டும். நிறங்கள் 22528-ஆம் முகவரியில் தொடங்குகின்றன. 768 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட். மஞ்சள் தாளில் கருப்பு மை என்றால் எண் 48. தாள், மை என்றுதான் சின்க்ளேர் கையேடும் சொல்லும். எனக்குப் பிடித்த சொற்கள்.

ரோமிலேயே இருக்கும் பேசிக்

செலவு இல்லை, நிறுவல் இல்லை. சுவிட்சைப் போட்டால் வந்துவிடும். 22528 முதல் 23295 வரை ஒரு லூப், நடுவில் ஒரு போக் (ஒரு முகவரியில் ஒரு எண்ணை எழுதும் கட்டளை). மூன்றே வரி. ஓட்டினால் மஞ்சள் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வண்ணம் பூசுகிறவர் தூரிகையை இழுப்பதுபோல ஊர்ந்து வரும். சில விநாடிகள் உட்கார்ந்து பார்க்கலாம். துப்பாக்கி சுடும் கேமில் திரை மாற இவ்வளவு நேரமானால் எதிரி கொட்டாவி விடுவான்.

ஆனால் சுற்று? கிட்டத்தட்ட பூஜ்யம். வரியைத் திருத்தி ஓட்டினால் அந்த நொடியே விடை. இலக்கணப் பிழை உள்ள வரியை உள்ளேயே விடாது. பிழை உள்ள இடத்தில் ஒரு கேள்விக்குறி மின்னும். சொற்களை எழுத்து எழுத்தாக அடிக்கவும் வேண்டாம். ‘பி’ கீயை அழுத்தினால் பிரிண்ட் என்ற முழுச் சொல்லும் வந்து விழும். முதல் பத்து நிமிஷம் எரிச்சல் வரும். அப்புறம் விரல்களுக்குப் பழகிவிடும்.

உள்ளே ஒரு வேடிக்கை. பேசிக் வரியில் 10 என்று எழுதினால் அந்த இரண்டு எழுத்தோடு நிற்காது. பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத ஆறு பைட் ஒட்டிக்கொள்ளும்: ஒரு அடையாள பைட், அந்த எண்ணின் ஐந்து பைட் வடிவம். ஓடும்போது எண்ணை மாற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. ஆக 10 என்பது எட்டு பைட். அதையே மேற்கோள்குறிக்குள் போட்டு வால் என்ற சார்பிடம் கொடுத்தால் ஐந்து பைட்தான். அதனால்தான் அந்தக் காலத்து நிரல்களில் எண்ணுக்கு எண் வால் தொங்கிக்கொண்டிருக்கும். பூஜ்யத்துக்கு ‘நாட் பை’ என்று எழுதினவர்களும் உண்டு, இரண்டே பைட். கஞ்சத்தனத்தையும் ஒரு கலையாக்கிய தலைமுறை அது.

சொல் விளையாட்டு, ஆடுபுலி ஆட்டம், கணக்குப் புதிர் போன்றவற்றுக்கு இந்த பேசிக் இன்றைக்கும் போதும். இயந்திரம் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சனி ஞாயிறாவது இதில் எழுதுங்கள் என்பேன். அசைகிற பொம்மை நாலைந்து வேண்டும் என்றால் இது உதவாது.

வேகம் போதாதபோது அன்றைக்கு எல்லோரும் பண்ணிய வேலை, பேசிக்குக்குள்ளேயே எந்திர மொழியை எண்களாக ஒளித்து வைப்பது. நம் மஞ்சள் வேலைக்கான எண்கள் இவை: 33, 0, 88, 17, 1, 88, 1, 255, 2, 54, 48, 237, 176, 201. இந்தப் பதினான்கு பைட்டை ராமில் ஓரிடத்தில் போட்டு ஓடவிட்டால் வேலை முடிந்தது. கடைசிக்கு முந்தின இரண்டும், அதாவது 237-உம் 176-உம், சேர்ந்து ஒரே கட்டளை: எல்டிஐஆர். ஒரு பைட்டைப் பக்கத்து இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டே போகும், பைட்டுக்கு 21 கடிகாரத் துடிப்பு. 767 தடவைக்குக் கணக்குப் போட்டால் 16 ஆயிரத்துச் சொச்சம் துடிப்பு, அதாவது சுமார் 4.6 மில்லிவிநாடி. திரையை வரையும் சிப் குறுக்கிடுவதால் கொஞ்சம் கூடும். அப்படியும் ஒரு திரைச் சட்டகத்தின் 20 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். பேசிக் ஊர்ந்து ஊர்ந்து பூசிய மஞ்சள் இங்கே கண் சிமிட்டும் முன் வந்து நிற்கும்.

இந்த எண்களைக் கையால் கண்டுபிடிக்க வேண்டும். காகிதத்தில் கட்டளையை எழுதி, அட்டவணையில் தேடி, முகவரியை இரண்டாகப் பிரித்துத் தலைகீழாகப் போட்டு (0, 88 என்பது 22528, 88 பெருக்கல் 256). நடுவில் ஒரு கட்டளை சேர்த்தால் பின்னால் வரும் தாவல்களையெல்லாம் மறுபடி எண்ண வேண்டும். பேசிக் வரியில் இந்தப் பதினான்கு எண்ணையும் எழுதி வைக்க 125 பைட்டுக்கு மேல் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்; மறைந்திருக்கும் ஆறு ஆறு பைட்டெல்லாம் சேர்ந்த கணக்கு. அரைக்கால் ரூபாய்ப் பண்டத்துக்கு அரை ரூபாய் டப்பா. ஒருமுறை செய்து பார்த்தால், கட்டளைகளைத் தானே எண்களாக மாற்றித் தரும் அசெம்ப்ளர் என்ற பொருளின் அருமை தெரியும். இரண்டாம் முறை வேண்டாம்.

ஜென்ஸும் மான்ஸும்: பெட்டிக்குள்ளேயே அசெம்ப்ளர்

80களில் ஸ்பெக்ட்ரமில் எந்திர மொழி கற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஹைசாஃப்ட்டின் டெவ்பேக்தான் குருகுலம். அதில் ஜென்ஸ் அசெம்ப்ளர். மான்ஸ், நினைவகத்தைத் திறந்து பார்க்கவும் கட்டளை கட்டளையாக ஓட்டவும் உதவும் கருவி. நல்ல கருவிகள். ஜென்ஸ் வேகமாக மொழிபெயர்க்கும், பிழை வந்த வரியைக் காட்டும். மான்ஸில் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் (செயலிக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடம்) மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி ஒரு அடியாக நடக்கலாம். இசட்80 எப்படி நகர்கிறது என்பது எனக்கு மண்டையில் ஏறியது அதில்தான்.

சிக்கல் இடம். அசெம்ப்ளர், நீங்கள் அடித்த மூல நிரல், லேபிள்களின் (நிரலின் இடங்களுக்கு நாம் வைக்கும் பெயர்களின்) அட்டவணை, பிறக்கப்போகும் எந்திர நிரல், திரை எல்லாம் அதே 48 கிலோபைட்டில் ஒண்டுக் குடித்தனம். மொழிபெயர்க்கத் தொடங்கும்போதே ஜென்ஸ் ‘அட்டவணைக்கு எவ்வளவு இடம் விடட்டும்?’ என்று கேட்கும். வீட்டுக்காரர் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்கிற மாதிரி. மூல நிரல் எப்போதும் பெருத்தது. ஒரே பைட்டாகப் போகும் கட்டளையை எழுத்தில் எழுதப் பத்து எழுத்தாவது ஆகும். அதனால் கேம் ஓரளவு வளர்ந்ததும் மூல நிரலைத் துண்டு துண்டாக வெட்டிக் கேசட்டிலோ மைக்ரோடிரைவிலோ வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க வேண்டும்.

அடுத்தது கீபோர்டு. 1982-இன் ரப்பர் கீபோர்டில் மொத்தம் நாற்பது கீ. ஒரு காற்புள்ளி போட சிம்பல் ஷிஃப்டையும் ‘என்’னையும் சேர்த்து அழுத்த வேண்டும். அசெம்ப்ளியில் வரிக்கு ஒரு காற்புள்ளி வரும். தம்பியின் ஸ்பெக்ட்ரம்+ இதில் தேவலை. காற்புள்ளிக்குத் தனிக் கீ உண்டு.

இப்போது சுற்றைப் பாருங்கள். கேசட்டின் வேகம் சராசரியாக விநாடிக்கு 1500 பிட். 10 கிலோபைட் மூல நிரலைச் சேமிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம். சரியாகப் பதிந்ததா என்று ஒப்பிட இன்னொரு நிமிஷம். ஓட்டுகிறீர்கள், படுத்துவிடுகிறது. ஜென்ஸை மறுபடி ஏற்ற ஒரு நிமிஷம், நிரலை ஏற்ற ஒரு நிமிஷம். ஒரு தப்புக்கு நாலு நிமிஷம், யோசிக்கும் நேரம் தனி.

சேமிக்காமல் ஓட்டினால்? அதையும் பண்ணியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இருநூறு வரி போல அடித்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். ‘ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். மேலே சொன்ன அதே எல்டிஐஆர். எத்தனை பைட் என்று சொல்லும் ‘பி-சி’ ரெஜிஸ்டரில் கணக்குத் தப்பி 0 விழுந்திருக்கிறது. இசட்80 எண்ணைக் குறைத்த பிறகுதான் பூஜ்யமா என்று பார்க்கும். ஆக 0 என்றால் அதன் அகராதியில் 65,536. திரையைத் தாண்டி, என் நிரலைத் தாண்டி, ஜென்ஸைத் தாண்டி, கிடைத்த இடமெல்லாம் 48 என்று பூசக் கிளம்பிவிட்டது. ஒரு கணம் எல்லாம் மஞ்சள். அப்புறம் ஏதேதோ கோடுகள், அப்புறம் ‘1982 சின்க்ளேர் ரிசர்ச்’ என்ற காப்புரிமை வரி மட்டும், ஒன்றுமே நடக்காதது மாதிரி. சாதம் ஆறிப் போயிருந்தது.

அந்த அனுபவம் வேண்டும் என்பவர்களுக்கு ஜென்ஸ் இன்றும் எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியில் ஸ்பெக்ட்ரமைப் போல நடிக்கும் நிரலில், அருமையாக ஓடுகிறது. எமுலேட்டரில் அந்தந்தக் கணத்தை அப்படியே உறையவைத்துச் சேமிக்கலாம் என்பதால் மேலே சொன்ன துயரத்தில் பாதி குறையும். ஆனால் வரி எண் போட்டு, ஒற்றை எழுத்துக் கட்டளைகளால் செருகி, திருத்தி, 32 எழுத்து அகலத் திரையில் ஒரு கேமையே எழுதுவதற்கு ரசனையோடு பிடிவாதமும் வேண்டும். தம்பியிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

அதே காலத்தில் வேறு சிலவும் இருந்தன. ஹைசாஃப்ட் பாஸ்கல் நல்ல கம்பைலர் (மொத்த நிரலையும் முன்கூட்டியே எந்திர மொழியாக்கும் கருவி). ஆனால் அதுவும் அதே ஒண்டுக் குடித்தனத்தில்தான். ஃபோர்த் மொழி கச்சிதமானது. ஸ்பெக்ட்ரமின் ரோம் எழுதிய ஸ்டீவ் விக்கர்ஸ் பிறகு ரிச்சர்ட் ஆல்ட்வாசரோடு சேர்ந்து ஃபோர்த்தையே ரோமில் வைத்து ஜூபிடர் ஏஸ் என்ற கணினியைக் கொண்டுவந்தார். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்குத் தலைவலி. எழுத்து வழி சாகசக் கதை மட்டும்தான் வேண்டும் என்றால் கில்சாஃப்ட்டின் 1983 க்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிரலே எழுத வேண்டாம். இடங்களையும் பொருள்களையும் நிபந்தனைகளையும் நிரப்பினால் போதும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. பெட்டி ஸ்பெக்ட்ரமாக இல்லாமல் சிபி/எம் என்ற அந்தக் கால இயங்குதளம் ஓடும் இசட்80 கணினியாக இருந்திருந்தால் என் பதில் ஒரே சொல்: டர்போ பாஸ்கல். 1983 நவம்பரில் 49.95 டாலருக்கு வந்தது. எடிட்டரும் கம்பைலரும் ஒரே நிரலுக்குள். கம்பைலர் பிழை கண்டதும் உங்களை எடிட்டருக்குள் தூக்கிவந்து, பிழை உள்ள எழுத்தின் மேலேயே கர்சரை நிறுத்தும். அதுவரை எடிட்டர் தனி, கம்பைலர் தனி, லிங்கர் தனி, ஒவ்வொன்றுக்கும் வட்டு சுழல வேண்டும். வேகமான நிரலைக் கொடுத்ததை விட, சுற்றைச் சில விநாடியாகச் சுருக்கியதுதான் அது ஜெயித்ததற்குக் காரணம் என்பது என் கட்சி. ஸ்பெக்ட்ரமில் முதல் 16 கிலோபைட்டை ரோம் அடைத்துக்கொண்டிருப்பதால் 48கே பெட்டியில் சிபி/எம்முக்கு வழியில்லை. 1987-இன் ஸ்பெக்ட்ரம் +3 மாடலில்தான் அது வந்தது.

‘பிசியில் எழுதினால் ஏமாற்று இல்லையா?’

இந்த இடத்தில் தம்பி கேட்டது இது. பழைய பெட்டிக்குப் புதுக் கணினியில் எழுதுவது போங்கு ஆட்டம் மாதிரி அவருக்குப் பட்டது. அன்றைக்கே தொழில்முறைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

மேனிக் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1983, மேத்யூ ஸ்மித் என்ற பதின்வயதுப் பையன் எழுதியது. ஸ்பெக்ட்ரம் கேம் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. அவர் அதை எழுதியது டாண்டியின் டிஆர்எஸ்-80-இல். அதிலும் அதே இசட்80 செயலி; கூடவே ஒழுங்கான கீபோர்டு. அங்கே எழுதி இங்கே அனுப்பினார். 80களின் பிற்பகுதியில் பல ஸ்டுடியோக்கள் பிடிஎஸ் என்ற ஏற்பாட்டுக்குப் போயின: பிசியில் எடிட்டரும் அசெம்ப்ளரும், ஒரு கேபிள், மறுமுனையில் ஸ்பெக்ட்ரமோ கொமடோரோ. ஸ்பெக்ட்ரம் படுத்தாலும் மூல நிரல் பிசியில் பத்திரம். குடித்தனத்தைப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால், மைக்ரோகணினி மென்பொருளின் பிள்ளையார் சுழியே இப்படித்தான் போடப்பட்டது. 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டெயர் என்ற ஆரம்பகால மைக்ரோகணினிக்கான பேசிக்கை எழுதியபோது அவர்கள் கையில் ஆல்டெயரே கிடையாது. ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் 8080 செயலியைப் போல நடிக்கும் ஒரு நிரலை ஆலன் எழுதி, அதன்மேல் பேசிக்கை ஓட்டிச் சோதித்தார்கள். ஆல்பகர்க்கிக்கு விமானத்தில் போகும்போதுதான் நிரலை ஏற்றும் சிறு நிரலை எழுத மறந்தது ஆலனுக்கு உறைத்தது; விமானத்திலேயே எழுதி முடித்தார். அவர் எழுதிய அந்த நடிப்பு நிரலைத்தான் இன்றைக்கு எமுலேட்டர் என்கிறோம். நாம் செய்யப்போவதும் அதையேதான், வசதியாக உட்கார்ந்துகொண்டு.

எஸ்ஜாஸ்ம்பிளஸ்

பிசியில் ஓடும் அசெம்ப்ளர்களில் பாஸ்மோ எளிமையானது. ஒரு கோப்பைக் கொடுத்தால், பேசிக் ஏற்றியோடு (நிரலை உள்ளே ஏற்றி ஓட்டும் குட்டி பேசிக் நிரல்) சேர்த்து கேசட் கோப்பாகத் திருப்பிக் கொடுக்கும். முதல் வாரத்துக்குப் போதும். ஆனால் கொஞ்ச நாளில் எப்படியும் எஸ்ஜாஸ்ம்பிளஸுக்கு வந்து சேர்வீர்கள்; நேராக அங்கேயே போகலாம் என்பது என் யோசனை.

மஞ்சள் வேலை இதிலும் அதே ஆறு கட்டளை, அதே பதினான்கு பைட். அசெம்ப்ளரில் கூடுதல் குறைச்சல் கிடையாது. வித்தியாசம் சுற்றுப்புறத்தில். லேபிள்களுக்கு உங்களுக்குப் புரியும் நீளப் பெயர் வைக்கலாம். மேக்ரோ உண்டு. லுவா மொழியில் சிறு நிரல் எழுதி, சைன் அட்டவணை போன்றவற்றை மொழிபெயர்க்கும்போதே கணக்கிட்டு உள்ளே வைக்கச் சொல்லலாம். வேலை முடிந்ததும் 48 கிலோபைட் நினைவகத்தின் முழுப் படத்தை அப்படியே கோப்பாக எழுதும். 49,179 பைட், அதில் முதல் 27 ரெஜிஸ்டர்களுக்கு. அதை ஃபியூஸ் எமுலேட்டரிடம் கொடுத்தால் கேசட் ஓடும் நாடகம் எதுவும் இல்லாமல் நேராக உங்கள் நிரல் ஓடும். எழுதி, சேமித்து, ஓட்டிப் பார்க்க ஐந்து விநாடி.

இதோடு விஎஸ் கோடில் டீஸாக் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் மூல நிரலின் வரியிலேயே நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம். பின்னோக்கியும் நடக்கலாம்! நிரல் எங்கேயோ போய்ப் படுத்த பிறகு, ஒவ்வொரு கட்டளையாகத் திரும்பி வந்து ‘இந்த 0 எப்போது பி-சி ரெஜிஸ்டருக்குள் நுழைந்தது’ என்று கையும் களவுமாகப் பிடிக்கலாம். இது அன்றைக்கு இருந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைச் சாதம் ஆறியிருக்காது.

குறை? அசெம்ப்ளி தெரிய வேண்டும். இரண்டு எண்களைப் பெருக்கக்கூட நீங்களே வழி எழுத வேண்டும். இசட்80-இல் பெருக்கல் கட்டளை கிடையாது. திரையில் ஒரு மதிப்பெண்ணைக் காட்டுவதே அரை நாள் வேலையாகலாம். எங்கே நிரலை வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 16384 முதல் 32767 வரை உள்ள கீழ் ராமைத் திரை வரையும் சிப்பும் படிப்பதால் செயலி அங்கே காத்துக் காத்துத்தான் நடக்கும். வேகம் வேண்டிய பகுதியை 32768-க்கு மேலே வையுங்கள்.

இசட்88டிகே: சி மொழி

பெயரில் உள்ள இசட்88, கிளைவ் சின்க்ளேர் பின்னாளில் கொண்டுவந்த கையடக்கக் கணினி. அதற்காகத் தொடங்கிய கருவித் தொகுப்பு இன்று இசட்80 குடும்பத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு சி நிரலை மொழிபெயர்க்கிறது. உங்கள் கேம் ஸ்பெக்ட்ரமிலும் வேண்டும், எம்எஸ்எக்ஸிலும் ஆம்ஸ்ட்ராடிலும் வேண்டும் என்றால் வேறு பேச்சே இல்லை, இதுதான். எஸ்பி1 என்ற ஸ்ப்ரைட் நூலகமும் உள்ளேயே வருகிறது. பொம்மைகளை மினுக்காமல் நகர்த்தும் தொல்லையை அது பார்த்துக்கொள்ளும்.

மஞ்சள் வேலை? மெம்செட் என்று ஒரே வரி. உள்ளே போய்ப் பார்த்தால் அதே எல்டிஐஆர்தான். இதுவரை சுகம். ஆனால் இசட்80 சி மொழியை மனதில் வைத்துப் பிறந்ததல்ல. சார்புக்குள் அறிவிக்கும் மாறிகளை ஸ்டாக்கில் வைத்து ஐஎக்ஸ் ரெஜிஸ்டர் வழியாக எடுக்கிறது. ஒரு எடுப்புக்கு 19 துடிப்பு. எச்எல் ரெஜிஸ்டர் வழியாக நேராக எடுத்தால் 7. பழகியவர்கள் அதனால்தான் நல்ல பிள்ளைகள் செய்யக்கூடாத காரியமெல்லாம் செய்வார்கள்: மாறிகளை எல்லாம் பொதுவில் வைப்பது, எண்களை முடிந்தவரை ஒரு பைட்டில் அடக்குவது, எழுத்தைத் திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்பைத் தொடாமலிருப்பது. அதைத் தொட்டால் ஒரு ‘வணக்கம்’ சொல்லவே சில கிலோபைட் போய்விடும்.

சுற்றுக் கணக்கிலும் ஒரு முள் உண்டு. கம்பைலரை உச்சமாகச் செதுக்கச் சொன்னால் பெரிய நிரலுக்கு நிமிஷக்கணக்கில் யோசிக்கும். அன்றாட வேலைக்குச் செதுக்கலைக் குறைத்து வைத்துவிட்டு, கடைசியில் மட்டும் முழுசாக விடுவது வழக்கம். சி-யில் தினமும் புழங்குகிறவருக்கு, கேமில் கதையும் தர்க்கமும் நிறைய இருந்தால், நான் இதைத்தான் சொல்வேன். சி-யும் புதிது, இசட்80-உம் புதிது என்றால் இரண்டு திண்டாட்டத்தை ஒரே நேரத்தில் விலைக்கு வாங்காதீர்கள்.

போரியல் பேசிக்

இது பிசியில் ஓடும் பேசிக் கம்பைலர், பைத்தானில் எழுதப்பட்டது. ரோம் பேசிக்கில் எழுதிப் பழகின கைக்கு உடனே பிடிபடும். சார்புகள், உள்மாறிகள், வகைகள் என்று இந்தக் காலத்து வசதிகளும் உண்டு. கேசட் கோப்பாகவே வெளியே வரும், ஏற்றியோடு. சுற்று இதிலும் சில விநாடிதான்.

நம் மஞ்சள் லூப்பை அப்படியே இதில் போட்டால், ஊர்ந்த மஞ்சள் சட்டென்று பாயும். எல்டிஐஆர் வேகம் வராது, வரவும் வேண்டாம். வேகம் நிஜமாகவே தேவைப்படும் அந்த ஒரு மூலையில் மட்டும் நிரலுக்கு நடுவிலேயே அசெம்ப்ளி எழுத இடம் உண்டு. பேசிக்கில் வீட்டைக் கட்டி, அடுப்பங்கரையை மட்டும் அசெம்ப்ளியில் கட்டலாம்.

ஒரு பொறி இருக்கிறது. மாறியின் வகையைச் சொல்லாமல் விட்டால் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதாவது ரோமின் அதே ஐந்து பைட் கணக்கு. அப்புறம் ‘கம்பைல் பண்ணியும் ஏன் இழுக்கிறது’ என்று விழிப்பீர்கள். 0 முதல் 255 வரை போதுமான மாறிகளை எல்லாம் யூபைட் என்று அறிவித்துவிடுங்கள். தம்பி முதல் வாரம் பண்ணிய தப்பு இதுவே. ஒரு வரி திருத்தியதும் அவருடைய கேமில் வரும் பாம்பு கண்ணுக்கே சிக்காமல் ஓடியது. பிறகு வேகத்தைக் குறைக்க வழி கேட்டார்.

ஆக, யாருக்கு எது

நான் எனக்கென்று எழுதும்போது எஸ்ஜாஸ்ம்பிளஸும் டீஸாக்கும்தான். கட்டளைக்குக் கட்டளை என்ன நடக்கிறது என்று தெரிவதில் எனக்கு ஒரு சுகம். சுற்றும் ஐந்தே விநாடி. ஆனால் தம்பிக்கு அதைச் சொல்லவில்லை. அவர் பகலெல்லாம் பைத்தான் எழுதுகிறவர், அசெம்ப்ளி பார்த்ததில்லை, கையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். முதல் ஒரு நாள் பெட்டியிலேயே ரோம் பேசிக், அப்புறம் போரியல் என்று சொன்னேன். பொம்மைகள் பெருகி மூச்சு வாங்கும்போது, அந்தப் பகுதியை மட்டும் அசெம்ப்ளியில் எழுதட்டும். அதில் ருசி கண்டால் எஸ்ஜாஸ்ம்பிளஸுக்குத் தானாக வருவார். வராவிட்டாலும் நஷ்டமில்லை, கேம் முடிந்திருக்கும். இசட்88டிகேயைச் சொல்லாததற்குக் காரணம் அவருக்கு சி-யில் பழக்கமில்லை என்பது மட்டுமே. ஜென்ஸை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

எமுலேட்டரில் சரியாக ஓடுவதை நிஜப் பெட்டிக்குக் கொண்டுபோவதில் ஒரு விஷயம் பாக்கி. கேசட் கோப்பை ஒலிக்கோப்பாக மாற்றி, கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் ‘இயர்’ துளைக்கு ஒரு கேபிள் போட்டால் போதும். டேப் ரெக்கார்டரின் தலையை ஸ்க்ரூடிரைவரால் திருகித் திருகிச் சரிசெய்த காலம் போய்விட்டது. ஒலியளவு உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஈக்வலைசர், பேஸ் கூட்டல் எதுவும் வேண்டாம். தம்பியின் பாம்பு நாலு தடவை பாதியில் நின்றது. ‘டேப் லோடிங் எரர்’. கேபிளை மாற்றினார், கோப்பை மறுபடி உருவாக்கினார், பெட்டியைச் சந்தேகப்பட்டார். ஐந்தாவது தடவை நான் பக்கத்தில் இருந்தேன். திரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதி தாண்டியதும் கைபேசித் திரை ஒளிர்ந்தது; குடும்பக் குழுவில் யாரோ காலை வணக்கம் அனுப்பியிருந்தார்கள். அந்த ‘டிங்’கையும் ஸ்பெக்ட்ரம் நிரலோடு சேர்த்துப் படித்திருக்கிறது. விமானப் பயன்முறையில் போட்டதும் ஏறிவிட்டது.